களஞ்சியத்தில் கட்சிச் சண்டை

பலர் கூடிச் செய்யும் பொதுக் காரியத்தில் அபிப்பிராய பேதம் தோன்றாமலிராது. தோன்றவில்லையென்றால், ஒன்று எல்லோரும் உறங்குகிறார்கள். அல்லது யாரோ ஒருவர் மற்றவர்களுடைய வாயை அடைத்து வைத்திருக்கிறார். சபைகளிலும் சங்கங்களிலும் உழைத்துப் பழகிய நம் வாசகர்களுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் பூசலை அடக்குவது வேறு. பூசலைத் தீர்ப்பது வேறு. இரண்டையும் ஒன்றென மயங்கிக் கெட்ட ஸ்தாபனங்கள் பல. இவற்றின் வேற்றுமையை ஐயமறக் காட்டும் உதாரணம் விக்கிபீடியா என்னும் கலைக் களஞ்சியத்தில் நமக்குக் கிடைக்கிறது.

முன்னாளில் களஞ்சியம் தொகுப்பது பண்டிதர் குழுவின் வேலை. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதில் ஐயம் எழுந்தால் முடிவு சொல்லப் பதிப்பாசிரியர் இருந்தார். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்னும் இருவர் தொடங்கிய விக்கிபீடியாவில் அத்தகைய பதிப்பாசிரியர் எவருமிலர். ஊதியம் வாங்காத தொண்டர்களே எழுதுகின்றனர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம், நீக்கலாம், நீக்கியதை முன்னவர் மீண்டும் சேர்க்கலாம். இவ்வாறு திண்ணை நிறைய ஆட்களை உட்கார வைத்து ஒரே எழுதுகோலை எல்லோர் கையிலும் கொடுத்தால் சண்டை வராமல் வேறென்ன வரும்?

சண்டை வரத்தான் செய்தது. தயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நடுவில் 'எச்' என்னும் எழுத்து வேண்டுமா, வேண்டாவா என்ற வழக்கு 2003-இல் தொடங்கி 2011 வரை இழுத்தது. முடிவில் 'எச்' தோற்றது. இதைக் கேட்டு நகைப்பவர் நகைக்கட்டும். எல்லாப் பெயர் வழக்கும் நகைப்புக்குரியதன்று. போலந்து தேசத்துத் துறைமுகம் ஒன்றைப் போலிஷ் மக்கள் க்டான்ஸ்க் என்பர். ஜெர்மானியர் டான்ஸிக் என்பர். களஞ்சியத்தில் எந்தப் பெயரை வழங்குவது என்பதில் மூண்ட பூசலுக்கு 2005-இல் நடந்த வாக்கெடுப்பு முடிவு கண்டது. 1308 முதல் 1945 வரையுள்ள சரித்திரத்தைச் சொல்லுமிடத்தில் டான்ஸிக் என்றும், அதற்கு முன்னும் பின்னும் க்டான்ஸ்க் என்றும் எழுதுவதென வகுத்தார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர், 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி இரண்டாம் உலக யுத்தத்தின் முதல் குண்டுகளிற் சில அந்நகரத்துத் துறைமுகத்தில்தான் வெடித்தன என்பதை நினைவு கூர்வாராக.

இத்தகைய வழக்குகளைத் தீர்க்க ஆங்கில விக்கிபீடியாவின் தொண்டர்கள் படிப்படியாக ஒரு முறையை அமைத்துக் கொண்டார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் ஒன்றுண்டு. மாறுபட்ட இருவரும் முதலில் அங்கே வாதிக்க வேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால், வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாமவர் ஒருவரின் கருத்தைக் கேட்கலாம். அதுவும் போதாதெனில், பொதுவில் அறிவித்து எல்லாத் தொண்டர்களுடைய அபிப்பிராயத்தையும் கோரலாம். ஒரே பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் எழுத்தை மாற்றிப் பழையபடி ஆக்குவோரைத் தடை செய்யும் விதி 2004-இல் ஏற்பட்டது. அதே ஆண்டில் மத்தியஸ்தக் குழு ஒன்றும் வழக்குகளை விசாரிக்கத் தொடங்கிற்று.

இம்முறையில் நாம் உற்றுநோக்க வேண்டியவை இரண்டு. மத்தியஸ்தக் குழு, எழுதிய விஷயம் சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்லுவதில்லை. எழுதியவர் நடந்துகொண்ட விதத்தையே விசாரிக்கிறது. உண்மைக்கு அதிகாரி ஒருவரை நியமித்தால் நாளடைவில் அவருக்குப் பிடித்ததே உண்மையாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. மற்றொன்று, பொதுவாக அங்கே தலைகளை எண்ணி முடிவு செய்வதில்லை. நம்பத்தக்க பிரசுரமான ஆதாரம் எவர் பக்கத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. நடுநிலை என்பது இருவர் கூற்றையும் பாதிப்பாதியாகப் பங்கிடுவதுமன்று. சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்பானுக்குப் பாதிப் பக்கம் ஒதுக்குவது நடுநிலையாகுமா? ஆதாரத்தின் கனத்துக்கு ஏற்பவே இடம்.

இம்முறையெல்லாம் தயிருக்குச் சரி, இரத்தம் சிந்திய விஷயத்தில் பயன்படுமா என்று கேட்பீர்கள். 1983 முதல் 2009 வரை இலங்கையை அழித்த யுத்தம், அதன் பிற்பகுதியில், ஆங்கில விக்கிபீடியாவின் பக்கங்களிலும் நடந்தது. ஒரு தரப்பார் எழுதியதை மறு தரப்பார் நீக்குவதே வேலையாயிற்று. போர் மீண்டும் மூண்டெழுந்த 2006-ஆம் ஆண்டில், சிங்களத் தொண்டர்களும் தமிழ்த் தொண்டர்களும் பிறரும் சேர்ந்து 'இலங்கை நல்லிணக்கம்' என்ற பொருளுடைய பெயரில் குழுவொன்றை அமைத்தனர். ஒருவர் மனத்தை ஒருவர் மாற்ற அவர்கள் முயலவில்லை. இன்ன செய்தி ஏடு அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தது, இன்னது புலிகளின் பக்கம் சாய்ந்தது என்று கூடிப் பேசி வகைப்படுத்தினார்கள். சாய்வுள்ள ஏட்டின் செய்தியைக் களஞ்சியம் தன் வாக்காகச் சொல்லலாகாது. 'இன்னார் இவ்வாறு கூறுகின்றனர்' என்று பெயர் சுட்டியே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட நெறி. 'பயங்கரவாதி', 'விடுதலை வீரன்' என்னும் பட்டங்களைச் சூட்டுவதிலும் விக்கிபீடியாவின் பொது நெறி இதுவே. இதனால் யுத்தம் நின்றுவிடவில்லை, மாண்டவர் மீளவுமில்லை. ஆயினும், பகைவர் இருவர் ஒரே பக்கத்தைப் படித்து, 'நான் சொன்னதை நான் சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறது' என்று ஒப்பும் நிலையை உண்டாக்குவது அற்பமான காரியமா?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. குரோவேஷிய மொழி விக்கிபீடியாவில் ஒரே கொள்கையுடைய சிலர் நிர்வாக அதிகாரத்தைக் கைப்பற்றினர். மாற்றுக் கருத்துச் சொன்னவர்களைத் தடை செய்து வெளியேற்றினர். பேச்சுப் பக்கங்களில் அமைதி நிலவிற்று. அந்த அமைதியின் பலன் யாது? 1941 முதல் 1945 வரை அந்நாட்டை ஆண்ட உஸ்தாஷா ஆட்சியின் கொடுமைகள் அங்கே மழுப்பி எழுதப்பட்டன. 2013-இல் அந்நாட்டுக் கல்வி மந்திரியே, அதை நம்பவேண்டாமென்று மாணவர்களுக்கு எச்சரிக்கை செய்ய நேர்ந்தது. விக்கிமீடியா அறக்கட்டளை இவ்விவகாரத்தை ஆராய்ச்சி செய்வித்து 2021-இல் அறிக்கை வெளியிட்டது. தம் தேசத்தின் பெருமையைக் காக்கிறோம் என்று எண்ணியவர்கள் தம் தேசத்தாரே நம்பாத நூலை ஆக்கி வைத்தார்கள். எதிராளியை வெளியேற்றிய அன்றே தம் பிழையைச் சுட்டும் காவலனையும் வெளியேற்றினார்கள் என்பதே நம் கருத்து.

இம்முறை குற்றமற்றது என்று நாம் சாதிக்க வரவில்லை. அவகாசமும் பிடிவாதமும் மிக்கவர், உழைத்து உண்ணும் ஏழைத் தொண்டரைச் சோரவடித்து வெல்வதுண்டு. அதனினும் பெருங் குறை வேறொன்று. அச்சேறிய ஆதாரமே சாட்சி என்றால், அச்சுக்கூடம் இல்லாதவனுடைய துன்பத்துக்குச் சாட்சி ஏது? 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது புத்தகங்களும் சுவடிகளும் மட்டுமா எரிந்தன? பின்வரும் வழக்குகளில் ஒரு ஜனசமூகம் காட்டவேண்டிய ஆதாரங்களும் எரிந்தன. இதற்கு மாற்று, விதியைத் திட்டுவதன்று, ஆதாரத்தைச் சேர்ப்பதே. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து எவரும் படிக்க இணையத்தில் வைக்கும் 'நூலகம்' என்னும் முயற்சி 2005-இல் தொடங்கிற்று. ஆயிரம் கண்டனக் கூட்டங்கள் செய்யாததை இத்தகைய மௌனத் தொண்டு செய்யும்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவிலும் வழக்குகள் இல்லாமலில்லை. கிரந்த எழுத்து ஆகுமா, ஆகாதா? தமிழகத்தார் 'டொராண்டோ' என்பதை ஈழத்தார் 'ரொறன்ரோ' என்கின்றனரே, எதைக் கொள்வது? இவை நம் வீட்டு வழக்குகள். இவற்றில் கலந்துகொள்ள விரும்பும் நம் இளைஞர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: கோபத்தோடு போகவேண்டாம், ஆதாரத்தோடு போங்கள். ஆளைப் பேசாமல் விஷயத்தைப் பேசுங்கள். எதிர்த்தரப்பார் தாமே எழுதினாற்கூட இதைவிட நேர்மையாக எழுதியிருக்க முடியாது என்று சொல்லும்படி அவர் கட்சியை எழுதிக் காட்டுங்கள். அதன் பிறகு உங்கள் கட்சியை எழுதுங்கள். அவ்வாறு எழுதிய பக்கத்தை எவரும் எளிதில் அழித்துவிட முடியாது. நம் பக்கம் நியாயமுண்டு என்னும் நம்பிக்கை மெய்யாயின், அதை எதிராளியின் முன்னிலையில் நாட்ட நாம் ஏன் அஞ்ச வேண்டும்?