ஐயாயிரம் ரூபாய்ச் சாப்பாடு: எதற்குக் கொடுக்கிறோம்?

"ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஐயாயிரம் ரூபாயா?" என்ற கேள்வி இப்போது மும்பையில் நம்மவர் வீடுகள் பலவற்றில் கேட்கிறது. பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். பெற்றோரின் மணநாள், அறுபது வயது நிறைவு என்று வந்தால் நட்சத்திர ஓட்டலில் மேஜை பதிவு செய்துவிட்டுக் கிளம்பச் சொல்கிறார்கள். பெற்றோருக்கோ பில்லைப் பார்த்ததும் சாப்பிட்டதெல்லாம் மறந்துபோகிறது. "இந்தப் பணத்தில் ஒரு மாத மளிகை வாங்கலாமே" என்று ஒரு வார்த்தை சொல்ல, பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. திரும்பி வரும் டாக்சியில் யாரும் பேசுவதில்லை.

சங்கத்து நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இதே கதையைச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். எனக்குச் சமையல் தெரியாது. ரயில் பெட்டிப் பணிமனையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த டிப்ளமோ இன்ஜினியர் நான். எஸ்டிமேட் போடுவதும், கான்டிராக்டர் கொடுத்த விலையைப் பிரித்து மேய்வதும் என் தொழிலாக இருந்தன. ஒரு விலை அதிகம் என்று சொல்வதற்கு முன், அது எதற்கான விலை என்று பார்க்க வேண்டும். அந்த வழக்கப்படியே இந்தச் சாப்பாட்டையும் பார்ப்போம்.

பில்லில் இருந்தவை

சென்ற ஆண்டு என் மனைவிக்கு அறுபது வயது நிறைந்தபோது மகனும் மருமகளும் எங்களை ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். இலையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரிமாறாமல், சிறு சிறு தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது முறை கொண்டுவந்து வைக்கும் சாப்பாடு. ஆளுக்கு 4,500 ரூபாய் வீதம் நால்வருக்கு 18,000. இரண்டு பாட்டில் தண்ணீர் 800. இதன்மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். மகன் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 3,384. மொத்தம் 22,184 ரூபாய். தலைக்கு 5,546.

இதே பணத்தில் நாங்கள் நால்வரும் தாதரிலிருந்து மூன்றாம் வகுப்பு ஏ.சி.யில் திருநெல்வேலி போய்த் திரும்பியிருக்கலாம். ஊர்ப் பயணத்துக்காக ஆண்டு முழுவதும் பணம் சேர்த்த குடும்பங்கள் நம்முடையவை. அதனால் இந்த ஒப்பீடு நம் மனத்தில் தானாக வந்து நிற்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலையைப் பிரித்துப் பார்த்தால்

எந்த வேலைக்கும் விலை போடும்போது சாமான், கூலி, மேற்செலவு, லாபம் என்று நான்காகப் பிரிப்போம். உணவகத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, விற்கும் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூலப்பொருளுக்கு என்பது. அப்படியானால் எங்கள் 18,000 ரூபாயில் காய்கறி, மீன், நெய், முந்திரி எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மீதிப் பணம் எங்கே போனது?

இதற்கு விடை எனக்கு ரயில் பெட்டியில் கிடைத்தது. எல்.எச்.பி. பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 23.5 மீட்டர். அதே நீளத்தில் ஸ்லீப்பர் வகுப்பாக அமைத்தால் 80 படுக்கைகள். மூன்றாம் வகுப்பு ஏ.சி. என்றால் 72. முதல் வகுப்பு ஏ.சி. என்றால் 24 மட்டுமே. எந்த வகுப்பில் ஏறினாலும் தாதரில் இறங்கும் நேரம் ஒன்றுதான். முதல் வகுப்புக்காரர் கூடுதலாகக் கொடுப்பது இடத்துக்கும் தனிமைக்கும்.

சாப்பாட்டு மேஜையும் அப்படித்தான். ஒரு மெஸ்ஸில் நான்கு பேர் உட்காரும் மேஜையை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பந்தி அரை மணி நேரம். மதிய வேளைக்குள் அந்த மேஜையில் ஆறு பந்தி உட்கார்ந்து எழுந்தால் 24 பேர், 6,000 ரூபாய் வசூல். பெரிய ஓட்டலிலோ மாலையில் அந்த மேஜை ஒரே குடும்பத்துக்கு மூன்று மணி நேரம். வசூல் 18,000. தலைக்குக் கொடுக்கும் விலை பதினெட்டு மடங்கு. ஆனால் ஒரு வேளையில் மேஜை சம்பாதித்தது மூன்று மடங்குதான். நகரின் விலைமிகுந்த பகுதியில் இட வாடகை, குளிர்சாதனம், ஒரு மேஜைக்கு இரண்டு பரிமாறுபவர், சமையலறையில் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக அலங்கரிக்கும் ஆட்கள் என்று எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். புறப்பட்டுவிட்ட ரயிலில் காலியாகப் போகும் படுக்கையைப் பிறகு விற்க முடியாது. காலியாகக் கிடந்த மேஜையும் அப்படியே. கூட்டமில்லாத நாளின் நஷ்டத்தையும் கூட்டமுள்ள நாளில்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆகவே இந்த விலையில் பெரும்பகுதி இடத்துக்கும், நேரத்துக்கும், மனிதக் கைகளுக்கும் போகிறது. வயிற்றால் அளந்தால் இந்தக் கணக்கு எந்த நாளும் சரிவராது. வயிறு நிறைவதுதான் நோக்கம் என்றால் மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே 1942 முதல் இயங்கும் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்கை எந்த நட்சத்திர ஓட்டலும் வெல்ல முடியாது.

கைத்திறன் என்ற பகுதி

டில்லியில் ஐ.டி.சி. மௌர்யா ஓட்டலில் புகாரா என்ற உணவகம் 1970களின் இறுதியிலிருந்து நடக்கிறது. பெரிய பெரிய வெளிநாட்டுத் தலைவர்கள் வந்து சாப்பிட்டுப் போன இடம். அங்கே மிகவும் பெயர்பெற்ற பதார்த்தம் தால் புகாரா. அதன் மூலப்பொருள் தோல் நீக்காத முழுக் கறுப்பு உளுந்து. கூடவே தக்காளி, வெண்ணெய், கிரீம். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே உளுந்துதான். ஆனால் இரவு முழுவதும், சுமார் 18 மணி நேரம், கரி அடுப்பின் மெல்லிய தணலில் அது வேகிறது. விலையில் உளுந்தின் பங்கு சொற்பம். அந்தத் தணலுக்கும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கும்தான் காசு. அங்கே கையால் சாப்பிடுவதுதான் வழக்கம் என்பது நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் நிம்மதி.

அப்படியானால் விலை இருபது மடங்கானால் ருசியும் இருபது மடங்கு ஆகுமா? ஆகாது. இதைப் பணிமனையில் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு இரும்புத் தண்டை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்குக் கடைய சாதாரண லேத் போதும். நூறில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமென்றால் கிரைண்டிங் இயந்திரம், தேர்ந்த ஆள், தனி அளவைக் கருவிகள், அதிக நேரம் எல்லாம் வேண்டும். செலவு பல மடங்கு ஏறும். பார்வைக்கு இரண்டு தண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடைசிச் சிறு முன்னேற்றம்தான் எப்போதும் அதிகம் செலவு பிடிப்பது.

அதற்காக அந்தத் துல்லியத்தை வீண் என்று சொல்ல முடியாது. ஆக்சிலில் பேரிங் உட்காரும் இடத்தில் அது இல்லாவிட்டால் பேரிங் சூடேறி விபத்துக்கு இடமாகும். அதே துல்லியத்தைக் கதவின் கைப்பிடிக்குக் கேட்டால் ஆடிட்டர் விளக்கம் கேட்பார். விலை ஒன்றே. ஓரிடத்தில் அவசியம், இன்னோர் இடத்தில் விரயம். விலையுயர்ந்த சாப்பாட்டைப் பற்றியும் என் முடிவு இதுதான். எங்கே, யாருக்காக என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு.

விலையே ருசியாகும் விந்தை

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தையும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே திராட்சை மதுவைச் சிலருக்கு இரு முறை கொடுத்து, ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொன்னார்கள். விலை அதிகம் என்று சொன்னபோதே அதிக ருசி என்றார்கள் குடித்தவர்கள். அவர்கள் மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது அதிகமாக இயங்கியது. நாக்கு, காதின் பேச்சைக் கேட்கும் என்று அர்த்தம். ஆகவே "அங்கே போய்ப் பார்த்தால்தான் ருசி தெரியும்" என்று யாராவது அடித்துச் சொன்னால், அதில் பாதி சமையல், பாதி விலைச்சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு இது தகும்?

என் மனைவியின் பிறந்தநாளுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் தோசை என்றால், அவள் வார்த்துப் போட நாங்கள் சாப்பிடுவோம். கடைசித் தோசையை அவள் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள். உங்கள் வீட்டிலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அன்று அந்த ஓட்டலில் மூன்று மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒன்பது தட்டும் அவள் முன்னால்தான் முதலில் வைக்கப்பட்டன, எல்லாம் சூடாக. நான்காவது தட்டு வந்தபோது மருமகளிடம், "யாராவது இப்படிக் கொண்டுவந்து வைத்துச் சாப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று, சொல்லு. என் அம்மா வைத்ததுதான் கடைசி" என்றாள். பிறகு, அந்தப் பூண்டு ரசம் போன்ற ஒன்றை எப்படித் தெளியவைத்தார்கள் என்று சமையல்காரரையே கூப்பிட்டுக் கேட்டாள். அவரும் கைகட்டி நின்று பத்து நிமிடம் விளக்கினார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் பேசுவதுபோல இருந்தது.

என் எஸ்டிமேட்டில் இதற்கு எந்தத் தலைப்பும் கிடையாது. ஆனால் அந்த 22,184 ரூபாயில் நாங்கள் வாங்கியது முக்கியமாக இதைத்தான். பேரிங் உட்காரும் இடம் என்று நான் சொன்னது இந்த மாதிரி இடத்தைத்தான்.

இதே பில்லை கிரெடிட் கார்டில் தவணையாகக் கட்டும் இளம் தம்பதி, அலுவலக நண்பர்கள் போனார்கள் என்பதற்காக மாதாமாதம் போனால், அது கதவுக் கைப்பிடிக்கு மைக்ரான் கணக்குப் பார்ப்பது போன்றது. ஊரில் அப்பாவின் மருந்துச் செலவு நிற்கும்போது போவதும் அப்படியே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். போடாதே என்று சொல்லவில்லை, அளக்கத்தான் சொன்னார்கள்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை

முதலாவது வரி. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஓட்டல்களில் இயங்கும் உணவகங்களில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மற்ற உணவகங்களில் பொதுவாக 5 சதவீதம். அதே தரச் சமையலைத் தனி உணவகத்தில் சாப்பிட்டால் இந்த வித்தியாசமே நால்வருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வரும்.

இரண்டாவது சர்வீஸ் சார்ஜ். இது அரசு வரி அல்ல. இதைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மரியாதையாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவருக்குத் தர விரும்பினால் அவர் கையிலேயே கொடுக்கலாம்.

மூன்றாவது தண்ணீர். உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கும் பாட்டில் தண்ணீருக்கு, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அங்கே வாதாடிப் பயனில்லை. சாதாரணக் குடிதண்ணீர் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காவது நேரம். பல இடங்களில் வார நாள் மதியச் சாப்பாடு இரவு விலையைவிடக் குறைவு. அதே சமையலறை, அதே கைகள். மேஜை பதிவு செய்யும்போதே வரி உட்பட மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டால் மேஜையில் அதிர்ச்சி இல்லை.

ஐந்தாவது பெற்றோருக்கு. பிள்ளை ஆசையோடு கூட்டிப்போனால் கணக்கை வீட்டில் போட்டுக்கொள்ளலாம், மேஜையில் வேண்டாம். கொடுத்த பணம் திரும்ப வரப்போவதில்லை. முணுமுணுத்தால் வாங்கிய பொருளையும் கையோடு கெடுத்துக்கொள்கிறோம்.

வசதி இல்லாதவர்களுக்கும், இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அந்த ஓட்டல் விற்பதில் பெரும்பகுதி இடமும், நேரமும், பரிமாறும் கையும் என்று பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆண்கள் அடுப்படிக்குப் போய், அம்மாவை முதல் பந்தியில் உட்காரவைத்து, முதல் தோசையை அவர் தட்டில் போடலாம். தோசை வட்டமாக வராமல் போகலாம். அதற்குச் சர்வீஸ் சார்ஜும் கிடையாது, ஜி.எஸ்.டி.யும் கிடையாது.