ஐஸ் எப்போ உடையும்? பெட் கட்டலாமா பாஸ்!

கிரிக்கெட் மேட்ச்சுக்கு பெட் கட்டியிருப்பீங்க. செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட ட்ரீட் வெச்சு பெட் கட்டியிருப்பீங்க. ஆத்துல ஐஸ் எப்போ உடையும்னு பெட் கட்டியிருக்கீங்களா? அலாஸ்காவில் நூறு வருஷத்துக்கும் மேலா கட்டிக்கிட்டு இருக்காங்க!

கனடாவில் பிறந்து, அலாஸ்காவைக் குறுக்கே கடந்து, சுமார் 3,200 கி.மீ. ஓடி பேரிங் கடலில் கலக்கிற ஆறு யூகான். அதோட முக்கியமான துணை ஆறு டனானா. அதன் கரையில் இருக்கிற குட்டி ஊர்தான் நெனானா. 1917-ல் அங்கே ரயில் பாதை போட வந்தவங்க பொழுது போகாம ஆரம்பிச்ச பந்தயம் இது. முதல் பரிசு 800 டாலர்.

ரூல்ஸ் சிம்பிள். மார்ச் மாசம் உறைஞ்ச ஆத்து மேல ஒரு மரக் கோபுரத்தை நட்டுடுவாங்க. பேர் முக்காலி, ஆனா கால் என்னவோ நாலு! அதிலிருந்து ஒரு கயிறு கரையில இருக்கிற கடிகாரத்துக்குப் போகும். ஐஸ் உடைஞ்சு முக்காலி நகர்ந்தா கயிறு இழுக்கும், கடிகாரம் நின்னுடும். தேதி, மணி, நிமிஷம் மூணையும் சரியாச் சொன்னவருக்குப் பரிசு.

உறைவதும் உடைவதும்

ஏரியில மேலே ஐஸ் மூடினாலும் அடியில 4 டிகிரி தண்ணி தேங்கி நிற்கும்னு படிச்சிருப்பீங்க. ஓடுற ஆறு அப்படி இல்லை. நீரோட்டம் மேல்தண்ணியையும் அடித்தண்ணியையும் கலக்கிக்கிட்டே இருப்பதால் மொத்த ஆறும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்துடும். அப்புறம் தண்ணிக்குள்ளேயே ஊசி ஊசியா ஐஸ் உருவாகி, தட்டு தட்டா மிதந்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மைனஸ் 40 குளிரில் அதுவே ரோடு!

வசந்தத்தில் அது சத்தமில்லாமல் கரைந்துவிடாது. பனி உருகி வெள்ளம் வந்து, ஐஸை அடியிலிருந்து தூக்கி உடைக்கும். உடைஞ்ச பாளங்கள் ஒரு வளைவில் சிக்கினா போச்சு, அதுவே அணை! 2009-ல் ஈகிள், 2013-ல் கலீனா என்று யூகான் கரை ஊர்கள் இப்படித்தான் மூழ்கின.

கடிகாரம் சொன்ன சாட்சி

காசுக்காக எழுதி வெச்ச தேதிதான். ஆனா காசு விஷயம்கிறதாலேயே ஒரு நிமிஷம்கூட பிசகாம எழுதி வெச்சிருக்காங்க! அந்தப் பட்டியலை ஆராய்ந்து 2001-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 1917-ல் இருந்ததைவிட ஐஸ் சுமார் ஐந்தரை நாள் முன்னாடியே உடையுதுன்னு அது சொன்னது.

"அப்போ 2013-ல் மே 20 வரைக்கும் உடையலையே?"ன்னு மடக்குவீங்க. கரெக்ட், பட்டியலிலேயே ரொம்ப லேட்டான வருஷம் அதுதான். ஆனா 2019-ல் ஏப்ரல் 14-லேயே உடைஞ்சு, அதுவரை யாரும் பார்க்காத ரெக்கார்டு ஆனது. ஒரு வருஷம் கூடும், குறையும். நூறு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தாத்தான் போக்கு தெரியும்.

மீனுக்கு என்ன கவலை?

இருக்கு! கடலிலிருந்து முட்டையிட வரும் சினூக் சால்மன், ஆத்துக்குள்ள நுழைஞ்சதும் சாப்பாட்டை நிறுத்திடும். உடம்பில் சேர்த்து வெச்ச கொழுப்பை மட்டுமே நம்பி, சில மீன்கள் எதிர்நீச்சலில் கிட்டத்தட்ட 3,000 கி.மீ. போகும். கூழாங்கல்லுக்குள்ள இடும் முட்டை, ஐஸுக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கும். தண்ணி 18 டிகிரியைத் தாண்டினா பெரிய மீன்களே திணறும். 2019 ஜூலை வெயிலில், யூகானின் இன்னொரு துணை ஆறான கோயுகுக்கில் சம் சால்மன்கள் வயிறு நிறைய முட்டையோடு செத்து மிதந்தன.

வெப்பம் மட்டுமே வில்லன் இல்லை. கடலில் நடக்கும் மாற்றம், நோய், மீன்பிடி எல்லாம் சேர்ந்த அடி இது. 2024-ல் அலாஸ்காவும் கனடாவும் ஒரு முடிவுக்கு வந்தன: யூகானில் ஏழு வருஷத்துக்கு சினூக் பிடிக்கக் கூடாது. ஏன் ஏழு? ஒரு சினூக் தலைமுறையோட கணக்கு அது. தலைமுறை தலைமுறையா சால்மனைக் காயவெச்சு, புகைபோட்டு, குளிர்காலத்துக்குச் சேர்த்து வெச்ச பழங்குடி மக்களின் வீடுகளில், அந்தப் புகைக் குடில்கள் காலியாக் கிடக்கின்றன.

நெனானாவில் நிமிஷத்தைச் சரியாச் சொன்னா பரிசு. 'மீன் திரும்பி வருமா?' என்ற பந்தயத்துக்கு டிக்கெட்டும் கிடையாது, நிறுத்திப் பார்க்கக் கடிகாரமும் கிடையாது. ஆனா இதுல தோத்தா, தோக்கிறது ஒருத்தர் இல்லை பாஸ்... ஒரு ஆறு!