ஒரு துலிப் பூவுக்கு ஐந்து நிமிடம்

சிங்கப்பூரில் வசந்த காலம் இல்லை. ஆனால், ஏப்ரல், மே வாக்கில் கரையோரப் பூந்தோட்டங்களில் துலிப் கண்காட்சி நடக்கும்போது ‘ஃபிளவர் டோம்’ கண்ணாடிக் கூடத்துக்குள் போனால் வசந்தத்துக்குள் நுழைந்ததுபோல இருக்கும். வெளியே புழுக்கம், உள்ளே குளிர்ந்த காற்று. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பாத்திக்குப் பாத்தி நிறம் மாறும். கைபேசியை எடுப்போம், குடும்பத்தோடு நாலு படம் பிடிப்போம், அடுத்த பாத்திக்கு நகர்வோம். வீட்டுக்கு வந்தபின் பூ எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், “அழகாக இருந்தது” என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு பூவின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

முதலில் இதழ்களை எண்ணுங்கள். சாதாரண துலிப்பில் ஆறு இருக்கும். உள்சுற்றில் உள்ள மூன்றுதான் அல்லி இதழ்கள். வெளிச்சுற்றில் உள்ள மூன்றும் புல்லி இதழ்களின் இடத்தில் இருப்பவை. செம்பருத்தியில் புல்லி பச்சையாக இருப்பதால் நமக்கு உடனே தெரிந்துவிடும். துலிப்பில் இரண்டுக்கும் ஒரே நிறம்.

இனி, தொடாமல் மேலிருந்து உள்ளே எட்டிப் பாருங்கள். பல வகைகளில் அடிப்பகுதி வேறு நிறமாக இருக்கும். கருநிறத் திட்டைச் சுற்றி மஞ்சள் விளிம்பும் தென்படலாம். நடுவில் மூன்று மடலாகப் பிரிந்த சூலகமுடி, அதைச் சுற்றி ஆறு மகரந்தத் தாள்கள். எல்லாம் மூன்றின் மடங்குகள்!

‘குவீன் ஆஃப் நைட்’ என்ற ‘கறுப்பு’ துலிப் கண்ணில் பட்டால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். அது கறுப்பல்ல, அடர்ந்த ஊதா. அதன்மேல் மெல்லிய மினுமினுப்பு ஓடும். அந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. இதழின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய வரிகள், குறுந்தட்டைப் போல ஒளியைப் பிரிக்கின்றன. சில பூக்களின் இத்தகைய மினுமினுப்பை வண்டுத்தேனீக்களால் அடையாளம் காண முடியும் என்று 2009ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அடுத்து, வெள்ளையில் சிவப்புத் தீற்றல் ஓடும் பூவைத் தேடுங்கள். 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் இத்தகைய கோடுபோட்ட துலிப்புக்குத்தான் பெரும் மதிப்பு. கிழங்கின் விலை ஏறிக்கொண்டே போய், 1637 பிப்ரவரியில் சடாரென்று சரிந்தது. அந்தக் கோடுகளுக்குக் காரணம் ஒரு நோய். அது கிழங்குக்குக் கிழங்கு தொற்றக்கூடியது என்பதை 1928ல் டோரதி கேலி என்ற ஆய்வாளர் நிறுவினார். அசுவினிப் பூச்சிகள் பரப்பும் ஒரு வைரஸ், இதழின் சில பகுதிகளில் சாயம் உருவாவதைத் தடுக்கிறது. அங்கே அடியிலுள்ள வெள்ளையோ மஞ்சளோ வெளியே தெரிகிறது. அதே வைரஸ் கிழங்கையும் நலிவடையச் செய்கிறது. நலிந்த கிழங்கு குறைவாகவே குட்டி போடும். அதனால் கிடைப்பது அரிது, அரிது என்பதால் விலையும் அதிகம். அன்று மிக உயர்வாகப் போற்றப்பட்ட ‘செம்பர் அகஸ்டஸ்’ இன்று ஓவியங்களில் மட்டுமே இருக்கிறது. கவலைப்படாதீர்கள், இன்றைய கண்காட்சிகளில் வைக்கப்படும் கோட்டு வகைகள் நோயில்லாமல், இனக்கலப்பால் உருவாக்கப்பட்டவை.

வீட்டில் ஒரு சோதனையும் செய்யலாம். துலிப் கொத்து வாங்கினால், குளிர்சாதன அறையிலிருந்து வரவேற்பறைக்கு மாற்றுங்கள். சற்று நேரத்தில் பூக்கள் விரியும். வெப்பத்தில் இதழின் உட்புறமும் குளிரில் வெளிப்புறமும் வேகமாக வளர்வதே காரணம். ஒவ்வொரு முறை விரிந்து மூடும்போதும் இதழ் சற்று நீள்கிறது. அதனால்தான் வயதான பூ பெரிதாகத் தெரிகிறது.

பூ வாடியபின் கிழங்கைத் தொட்டியில் வைத்து அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாமா? பலன் இருக்காது. மத்திய ஆசிய மலைகளில் தோன்றிய செடி இது. பல வாரக் குளிரைக் கிழங்கு உணர்ந்த பிறகே பூந்தண்டு ஒழுங்காக நீளும். நம் தாழ்வாரத்தில் அதற்கு வழியில்லை.

கண்காட்சி முடிந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். உங்கள் புளோக்கின் கீழே சிவப்புச் செம்பருத்தி இருந்தால் அதன் முன்னாலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இதழ்கள் ஐந்து. நடுத்தண்டின் நுனியில் இருக்கும் சிவந்த குமிழ்கள் எத்தனை? நீங்களே எண்ணிப் பாருங்கள்.