குவாக்கமோலே: கறுக்காத வெண்ணெய்ப் பழத் துவையல்

அவகாடோ, பட்டர் ஃப்ரூட் என்றெல்லாம் வழங்கும் வெண்ணெய்ப் பழம் இன்று போலாரம் கடைத்தெருவிலும் கிடைக்கிறது. தமிழகத்தில் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்னும் இரகத்தை இப்பழத்தில் வெளியிட்டுள்ளது. விலை சற்று மிகுதி. ஆகவே வீணாக்காமல் உண்ணும் வழியை அறிவது நன்று.

மெக்சிகோவின் குவாக்கமோலே இப்பழத்தின் துவையலே. அங்கு எரிமலைக் கல்லால் ஆன உரலில் மசிப்பர். நமக்கு வீட்டுக் கல்லுரலே போதும்.

தேர்வு: இப்பழம் மரத்தில் கனியாது, பறித்த பின்னரே கனியும். கடினமான காயை வாழைப்பழத்துடன் காகிதப் பையில் இட்டு வைத்தால், வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் வாயு அதனை விரைவில் கனிவிக்கும். மெல்ல அழுத்தும்போது சற்றே நெகிழ்வதே பதம். கனிந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மேலும் சில நாள் தாங்கும்.

செய்முறை: நால்வருக்கு 2 பழங்கள். சிறு வெங்காயம் 4, பச்சை மிளகாய் 1, கொத்தமல்லித் தழை, உப்பு ஆகியவற்றை முதலில் நசுக்கவும். பழச்சதையைச் சேர்த்துக் கரகரப்பாக மசிக்கவும். அரை எலுமிச்சையின் சாற்றையும் விதை நீக்கிய தக்காளித் துண்டுகளையும் இறுதியில் கலக்கவும்.

பாதுகாப்பு: சதையிலுள்ள நொதி காற்றிலுள்ள உயிர்வளியுடன் வினைபுரிவதாலேயே துவையல் கறுக்கிறது. எலுமிச்சையின் புளிப்பு அவ்வினையைத் தாமதப்படுத்தும். கொட்டையை உள்ளே போட்டு வைப்பதால் பயன் சிறிதே. அது மூடிய இடம் மட்டுமே பசுமையாக இருக்கும். மேற்பரப்பில் படியுமாறு மெல்லிய உறையால் மூடி, குளிர்பெட்டியில் வைத்து, அன்றே உண்பது சிறப்பு. மெக்சிகோவின் மக்காச்சோள ரொட்டிக்கு ஈடாக, தெலங்கானாவின் சோள ரொட்டி இதற்கு ஏற்ற துணை.