முதல் தொழில் நூலும் எழுதுபவன் மனமும்



கதை எழுதுபவனுக்கும் கவிதை எழுதுபவனுக்கும் உண்டாகும் மனக் கலக்கங்களைப் பற்றி நிறையவே பேசப்பட்டிருக்கிறது. வியாபாரம், முகாமைத்துவம் என்று எழுதுபவனுக்கும் அத்தகைய கலக்கம் உண்டு என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாவல் சரியாக அமையாவிட்டால் வாசகனுக்கு ஒரு மாலைப் பொழுதுதான் நட்டம். தொழில் நூல் சொல்லும் வழி பிழைத்தாலோ அதை நம்பியவனின் முதலே போய்விடும். முதல் தொழில் நூலை எழுதுபவனின் பூரிப்பும் பயமும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் வீதியில் உள்ள கித்துல்கலயில் பல ஆண்டுகள் சில்லறைக் கடை நடத்தியவன் நான். சிறு கடை நடத்துவது பற்றி ஒரு கைநூல் எழுத முனைந்தேன். எங்கள் ஊரில் ஒரே கடைக்கு மூன்று விதமான கணக்கு வேண்டும். தோட்டத்துச் சனங்கள் சம்பள நாள்வரை கடன் கொப்பியில் எழுதி வாங்குவார்கள். கித்துள் பாணியும் கருப்பட்டியும் கொண்டுவரும் கிராமத்தவர்களுக்குக் கையோடு காசு கொடுக்க வேண்டும். களனி கங்கையில் படகு விட வருகிற உல்லாசப் பயணிகளோ ஒரு பருவத்தில் வருவார்கள். மறு பருவத்தில் காணவே கிடைக்க மாட்டார்கள்.

முதல் அத்தியாயம் கடன் கொப்பி பற்றியது. மூன்றே இரவுகளில் எழுதி முடித்தேன். கையில் இருந்த அனுபவம் தானாகவே வந்து விழுந்தது. நான்காம் இரவில் வேறொரு நினைப்பு வந்தது. "ஊரில் உள்ள எல்லாக் கடைக்காரருக்கும் தெரிந்ததைத்தானே எழுதுகிறேன், இதற்கு எதற்கு ஒரு புத்தகம்?" என்பதே அது.

அந்த வேளையில் எனக்குத் தெம்பளித்தவர் லூக்கா பச்சியோலி என்ற இத்தாலியத் துறவி. 1494 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான தமது கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அவர் விளக்கினார். அம்முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே கைக்கொண்டு வந்ததை ஒழுங்குபடுத்தி எழுதினார், அவ்வளவுதான். பலரும் கையால் செய்து வருவதை ஒருவன் எழுத்தில் வைப்பதே ஒரு தொண்டு என்பதை அவரிடமிருந்து அறிந்துகொண்டேன்.

அடுத்த கலக்கம் இதைவிடப் பெரியது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கைக்கெட்டாமல் போயின. இலாபக் கணக்குக்கு உதாரணமாக நான் எழுதி வைத்த விலைகள் எல்லாம் பழங்கதையாகிவிட்டன. பல வாரங்கள் அந்தக் கட்டை அவிழ்க்கவே மனம் வரவில்லை.

அப்போதுதான் நம் நாட்டுத் தமிழ் நூல் ஒன்றை நினைத்துக்கொண்டேன். ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்பது அதன் பெயர். 1869 இல் யாழ்ப்பாணத்தில் அச்சிடப்பட்டது. கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பாட்டாகப் பாடும் நூல். மலையகத்தைப் பொறுத்தவரை முதல் தொழில் நூல்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். எழுத்தறியாத தொழிலாளியின் காதுக்கும் எட்டக்கூடியது கும்மி. அவ்வடிவத்தில் தொழிலைச் சொல்ல நினைத்தவரின் உற்சாகத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் காலத்தின் கோலத்தைப் பாருங்கள். அதே 1869 இல்தான் இலங்கைக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாகப் படர்ந்து, இலைகளை உதிர்த்துச் செடியை மெலிவிக்கும் பூஞ்சணம் அது. இருபது ஆண்டுகள் அளவில் பெரும் கோப்பித் தோட்டங்கள் அழிந்து போயின. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. கோப்பி வளர்க்கச் சொல்லித்தந்த நூல் வெளிவந்த ஆண்டிலேயே கோப்பிக்கு நோய் வந்துவிட்டது.

அப்படியாயின் அந்த நூல் வீணா? இல்லை என்பதே என் துணிபு. தோட்ட முதலாளிமாரின் பக்கம் நின்று பாடியது என்று அதனை ஆய்வாளர்கள் கண்டிப்பதுண்டு. அந்தக் கண்டனத்துக்கு இடமுண்டு. ஆயினும் மலையக இலக்கிய வரலாற்றைப் பேசுபவர்கள் அதனைத் தவிர்ப்பதில்லை. கோப்பி வளர்க்கும் முறையை அறிய இன்று எவரும் அதைப் புரட்டுவதில்லை. அந்நாளில் தோட்ட வேலை எப்படி நடந்தது, வேலை வாங்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அறியவே புரட்டுகிறார்கள். அதன் ஆலோசனைகள் காலாவதியாகிவிட்டன. வேலையைப் பற்றிய பதிவு நின்றுவிட்டது.

இந்த உண்மை பிடிபட்டதும் என் கட்டை மீண்டும் அவிழ்த்தேன். விலைகளை எழுதிய இடங்களில் அவை எந்த மாதத்து விலைகள் என்று குறித்தேன். எவ்வளவு இலாபம் வைக்க வேண்டும் என்பதோடு, அதைக் கணக்கிடும் முறையையும் எழுதினேன். அந்த நெருக்கடி மாதங்களில் எங்கள் வீதிக் கடைகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதற்கு ஒரு தனி அத்தியாயமே சேர்ந்தது. கடனுக்குக் கொடுப்பதை நிறுத்தாமல், கொடுக்கும் அளவை மட்டும் குறைத்த கடைக்காரர்களின் அனுபவம் அதில் இருக்கிறது. என்னைப் பல வாரம் முடக்கிய அதே நெருக்கடியே நூலின் பயனுள்ள பகுதியைத் தந்தது.

எழுதி முடித்த பின்னும் கலக்கம் தீர்வதில்லை. நம் நாட்டில் பெரும்பாலும் எழுதியவனே அச்சகத்துக்கும் காசு தேட வேண்டும். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகப் பிரமுகரைத் தேடி அலைய வேண்டும். கடைக்காரனாகக் கணக்குப் பார்த்தால் இந்த வியாபாரத்தில் இறங்கவே மாட்டோம். எழுத்தாளனாகப் பார்த்தாலோ இறங்காமல் இருக்க முடிவதில்லை.

முதல் தொழில் நூலை எழுத எண்ணும் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். மனம் ஏறும் நாளில் வேகமாக எழுதுங்கள். மனம் இறங்கும் நாளில் எழுதியதைத் தூக்கி எறியாதீர்கள். அதே தொழிலைச் செய்யும் ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். "இப்படியில்லை அண்ணே, எங்கள் கடையில் வேறு மாதிரி" என்று அவர் சொல்லத் தொடங்குவார். அடுத்த அத்தியாயத்துக்கான விடயம் அவர் பேச்சிலேயே கிடைக்கும்.