டூம் விளையாட்டில் எதிரிகள் ஏன் குறைந்தார்கள்?

ஆசிரியர்களே, தலைப்பைப் பார்த்ததும் திட்டிவிடாதீர்கள். இதில் கணக்கும் இருக்கிறது, கம்ப்யூட்டர் பாடமும் இருக்கிறது.

டூம் என்பது 1993 டிசம்பரில் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட துப்பாக்கி விளையாட்டு. நாமே துப்பாக்கி பிடித்து நடப்பது மாதிரி, நம் கண் வழியாகவே எல்லாம் தெரியும். அதே பெயரில் 1994, 2004, 2016, 2020, 2025 என்று அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. பழசில் சில கதவுகளைத் திறந்தால் ஒரு கும்பலே நிற்கும். 2004-ல் வந்த டூம் 3-ல் திறந்தால் ஒண்ணு, ரெண்டு, மிஞ்சிப்போனால் மூணு. கம்ப்யூட்டர் வளர வளர எதிரிகளும் கூடத்தானே வேணும்? எப்படிக் குறைஞ்சாங்க?

முதல் காரணம் ரொம்ப எளிது. பழைய டூமில் எதிரிக்கு உடம்பே கிடையாது! தியேட்டர் வாசலில் ஹீரோவுக்கு வைக்கிற கட்-அவுட் தெரியும் அல்லவா? அதேதான். ஒரு தட்டைப் படம். நாம் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் படம் நம்மைப் பார்த்தே திரும்பிக்கொள்ளும். முன்பக்கம், முதுகு, பக்கவாட்டு என்று 8 திசைக்கும் படங்கள் தயாராக இருக்கும். நாம் நிற்கும் இடத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். சில பூதங்களை நிஜமாகவே களிமண்ணில் செய்து, கேமராவில் படம் எடுத்து உள்ளே சேர்த்தார்கள். (நம்ம ஊரில் பிள்ளையார் செய்கிறவர்கள் இருந்திருந்தால் இன்னும் நல்லா செய்திருப்பார்கள் என்பது என் கருத்து.)

தட்டைப் படம் என்பதால் செலவு குறைவு. வெறும் 4 எம்.பி. நினைவகம் உள்ள 386 கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு ஓடியது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் திரையில் 128 படங்களைத்தான் வரையும், அதற்கு மேல் போனால் சிலது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 1997-ல் இட் நிறுவனம் சோர்ஸ் கோடை வெளியிட்ட பிறகு ரசிகர்களே அந்த எல்லையை உடைத்தார்கள். 2001-ல் ஒரு ரசிகர் செய்த 'நட்ஸ்' என்ற மேப்பில் 10,000-க்கும் மேல் பூதங்கள் நிற்கின்றன. அது சண்டை இல்லை, திருவிழா!

எதிரியின் மூளையும் மலிவுதான். நம்மைப் பார்க்கும்வரை, அல்லது துப்பாக்கிச் சத்தம் கேட்கும்வரை அப்படியே நிற்கும். பிறகு 8 திசையில் ஏதோ ஒன்றைப் பிடித்து நம்மை நோக்கி நடக்கும். சுவர் இடித்தால் வேறு திசை. சுற்றிவளைத்து வரும் வழியெல்லாம் யோசிக்காது.

1996-ல் அதே நிறுவனம் குவேக் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் கட்-அவுட் போய் சிலை வந்தது. ஒவ்வொரு எதிரியும் முக்கோணங்களை ஒட்டிச் செய்த முழு உருவம். அன்றைய கம்ப்யூட்டரால் அப்படி சிலரைத்தான் ஒரே நேரத்தில் தூக்க முடிந்தது. அதனால் கும்பல் கலைந்தது. டூம் 3-ல் இன்னும் மோசம், அதில் நிழல் வந்துவிட்டது! ஒவ்வொரு விளக்குக்கும், அதன் முன் நிற்கும் ஒவ்வொரு உடம்புக்கும் நிழல் எங்கே விழும் என்று நொடிக்குப் பல தடவை கணக்குப் போடணும். 3 விளக்கு, 4 பூதம் என்றால் 12 நிழல் கணக்கு. அதனால்தான் அவர்கள் ஆட்களைக் குறைத்து, இருட்டைக் கூட்டி, பயமுறுத்துகிற விளையாட்டாக அதை மாற்றினார்கள். கையில் டார்ச் இருந்தால் துப்பாக்கி இருக்காது, துப்பாக்கி இருந்தால் டார்ச் இருக்காது. நல்ல சமாளிப்புதான்!

சரி, 2016-ல் கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. அப்போதும் நூற்றுக்கணக்கில் வரவில்லையே? இங்கேதான் இரண்டாவது காரணம். அந்த டூமில் பல இடங்களில் நாம் நுழைந்ததும் கதவு பூட்டிக்கொள்ளும். எதிரிகள் எங்கிருந்தோ திடீரென்று முளைத்து, அலை அலையாக வருவார்கள். எல்லாரையும் முடித்தால்தான் கதவு திறக்கும். இதில் ஒரு ரகசியம்: எல்லா எதிரியும் ஒரே நேரத்தில் தாக்க மாட்டார்கள். ரேஷன் கடை மாதிரி டோக்கன் வாங்கியவர்தான் தாக்கலாம், மற்றவர்கள் சும்மா அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். நம்ம சினிமாவில் வில்லனின் அடியாட்கள் இருபது பேர் ஹீரோவைச் சுற்றி நின்றுகொண்டு ஒவ்வொருத்தராக வந்து அடி வாங்குவார்களே, அதே விதி!

இப்போது கணக்கு. பழைய டூமில் 'இம்ப்' என்ற சாதாரணப் பூதத்தின் பலம் 60. ஷாட்கன்னை ஒருமுறை சுட்டால் 7 குண்டு போகும். ஒரு குண்டின் அடி 5, 10, 15 இதில் ஏதோ ஒன்று. 7 குண்டும் பட்டால் குறைந்தது 35, அதிகபட்சம் 105, சராசரி 70. அதாவது பக்கத்தில் போய்ச் சுட்டால் பெரும்பாலும் ஒரே அடியில் விழும், சில சமயம் விழாது. அந்தச் 'சில சமயம்'தான் விளையாட்டு. ஓர் எதிரிக்கு ஒரு தோட்டா என்ற கணக்கு இருப்பதால்தான் இருபது பேரை நிறுத்தினாலும் நமக்கு அலுக்கவில்லை. விளையாட்டைக் கஷ்டமாக்கினாலும் இம்ப்பின் பலம் 60-தான், பெரும்பாலும் ஆட்களின் எண்ணிக்கைதான் கூடும். புதுசில் எண்ணிக்கை கூடுவதைவிட அடியின் வலியும் ஆக்ரோஷமும்தான் கூடுகிறது.

எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது எண்ணிக்கைகூட இல்லை. பழைய டூமில் அநேகமாக எல்லா எதிரிகளும் நாம் வருவதற்கு முன்பே அங்கே இருக்கிறார்கள். மட்டம் முடிந்ததும் நூற்றுக்கு எத்தனை பேரை வீழ்த்தினோம் என்று திரையில் வரும். ஒருவரையும் தொடாமல் ஓடியும் முடிக்கலாம். ஒரு பூதத்தின் நெருப்பு வேறு இனத்துப் பூதத்தின் மேல் பட்டால் அதுங்க ரெண்டும் அடித்துக்கொள்ளும், நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். வாசலில் நின்றால் ஒவ்வொருத்தராகத்தான் வர முடியும். நம்ம பெருமுக்கல் மலையில் ஏறியவர்களுக்கு இது புரியும். 1760-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை இருந்த மலை அது. கீழே எத்தனை பேர் நின்றாலும் மேலே வரும் வழி குறுகல் என்றால் ஒரு நேரத்தில் சண்டைக்கு வருவது சிலர்தான். பழைய டூம் மேப் போட்டவர்கள் இடத்தை வைத்து எண்ணிக்கையை அடக்கினார்கள். புதுசில் அதை டோக்கன் செய்கிறது. நான் இடத்தின் கட்சி!

நம்ம அண்ணன்மார் பிரவுசிங் சென்டரில் விளையாடிய ஐ.ஜி.ஐ. (2000-ல் வந்தது) நடுவில் நிற்கிறது. காவலர்கள் முன்பே அங்கே இருப்பார்கள், ஆனால் அலாரம் அடித்துவிட்டால் கட்டடத்துக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எண்ணி முடிக்கவே முடியாது. நடுவில் சேவ் செய்யவும் வழியில்லை.

"பி.ஜி.எம்.ஐ.-யில் 100 பேர் இருக்காங்களே" என்று கேட்பீர்கள். எரங்கல் மேப் 8 கி.மீ. நீளம், 8 கி.மீ. அகலம், அதாவது 64 சதுர கி.மீ. ஆளுக்கு 0.64 சதுர கி.மீ.! ஆரம்பத்தில் புல்லுக்குள் பத்து நிமிடம் ஒருவரையும் பார்க்காமல் ஓடுகிறோமே, ஏன் என்று இப்போது தெரிகிறதா?

கூட்டம் திரும்பியும் வருகிறது. 2020-ல் வந்த, குரோஷியா நாட்டு நிறுவனம் உருவாக்கிய சீரியஸ் சாம் 4-ல் பெரிய படையே ஓடி வரும். 2025-ல் வந்த டூம் டார்க் ஏஜஸில் பரந்த போர்க்களங்கள், திரையில் முன்பைவிட அதிகம் பேர். ஆனால் அதையெல்லாம் ஓட்டுகிற கம்ப்யூட்டரை நம்மில் எத்தனை பேர் வீட்டில் வைத்திருக்கிறோம்?

பழைய டூமின் இலவச முதல் பாகத்தின் கோப்பு சுமார் 4 எம்.பி.தான். ஃப்ரீடூம் என்று முழுக்க இலவசமாகவும் ஒன்று இருக்கிறது, டூமின் என்ஜினிலேயே ஓடும். அக்காவுக்கு பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினியில் இரண்டும் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. 'நட்ஸ்' மேப்பைப் போட்டால் மட்டும் அது ஃபேன் சத்தத்தோடு மூச்சு வாங்குகிறது.