மூடச் சொன்ன நிர்வாகம், கேட்டைப் பிடித்த தொழிலாளர்கள்: ட்ரையம்ஃப் பைக்கின் பழைய ஆலையில் என்ன நடந்தது?

ட்ரையம்ஃப் என்றதும் இப்போது நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஸ்பீடு 400. 2023-ல் வந்து, புனே அருகே சாக்கனில் பஜாஜ் தயாரிக்கிற வண்டி. ஆனா, இந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன பழைய தொழிற்சாலை இருந்தது இங்கிலாந்தில், மெரிடன் என்ற சின்ன ஊரில்.

1973-ல் "ஆலையை மூடப் போறோம்" என்று நிர்வாகம் சொன்னபோது, அங்கிருந்த தொழிலாளர்கள் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. கேட்டைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்தார்கள். சுமார் ஒன்றரை வருடம் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். கடைசியில் ஆலையை அவர்களே நடத்தினார்கள். தலைவர் முதல் தரையைப் பெருக்குபவர் வரை எல்லோருக்கும் ஒரே சம்பளம்!

அது எப்படி நடந்தது? ஏன் நிலைக்கவில்லை?

குண்டுவீச்சுக்குப் பிறகு வந்த ஆலை

ட்ரையம்ஃபின் முதல் ஆலை கோவென்ட்ரி நகரத்துக்குள் இருந்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தையே சிதைத்தபோது ஆலையும் போனது. ஊருக்கு வெளியே, கோவென்ட்ரிக்கும் பர்மிங்காமுக்கும் நடுவில் உள்ள மெரிடனில் புதிய ஆலை 1942-ல் இயங்கத் தொடங்கியது. முதலில் ராணுவத்துக்கான பைக்குகள். போர் முடிந்ததும் ஏற்றுமதி, குறிப்பாக அமெரிக்காவுக்கு.

1953-ல் வந்த 'தி வைல்டு ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ ஓட்டியது ட்ரையம்ஃப். 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் முள்வேலியைத் தாண்டிப் பறப்பதும் ட்ரையம்ஃப்தான், ஜெர்மன் ராணுவ வண்டி வேஷத்தில். 1959 மாடலாக வந்த போனவில், அமெரிக்க இளைஞர்களின் கனவு பைக். 1960-களில் மெரிடன் ஆலையிலிருந்து வெளியேறிய வண்டிகளில் பெரும்பகுதி கப்பல் ஏறியது.

உள்ளே வேலை எப்படி இருந்தது?

இன்றைய பைக் ஆலையை மனசில் வைத்துப் பார்த்தால் மெரிடன் புரியாது. ரோபோ கிடையாது. க்ராங்க்கேஸ் கடைசல் முதல் எஞ்சின் கோர்ப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்கள். இயந்திரங்கள் பலவும் வயதானவை. ஒரே வேலையைப் பல வருடம் செய்தவருக்கு அந்த லேத்தின் குணம் தெரியும். எங்கே எவ்வளவு தள்ளி வைத்தால் அளவு சரியாக வரும் என்பது அவர் கையில் இருக்கும், தாளில் இருக்காது.

பெட்ரோல் டேங்கில் ஓடும் மெல்லிய தங்க நிறக் கோட்டைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஸ்டிக்கர் இல்லை. பிரஷ்ஷைப் பிடித்து, ஒரே மூச்சில், கையால் இழுத்த கோடு. இன்றைக்கும் சில போனவில் மாடல்களில் அந்தக் கோட்டைக் கையால்தான் வரைகிறார்கள். வரைந்தவர் தன் பெயரின் முதல் எழுத்துகளை டேங்குக்கு அடியில் போட்டு வைப்பார்.

வேலை முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்க டெஸ்டர்கள் இருந்தார்கள். அவர்களில் பிரபலமானவர் பெர்சி டெய்ட். ஆலை வேலைக்காக மட்டும் 10 லட்சம் மைலுக்கு மேல் ஓட்டியவர் என்று சொல்வார்கள். இவர் 1969-ல் பெல்ஜியம் கிராண்ட் பிரீ பந்தயத்தில், அன்றைய உலக சாம்பியன் அகோஸ்டினிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். ஓட்டியது 500 சிசி ட்ரையம்ஃப். திங்கட்கிழமை மெரிடன் கேட்டுக்குள் நுழையும் ஒரு ஊழியர், ஞாயிற்றுக்கிழமை உலக மேடையில்!

கூலி விஷயத்துக்கு வருவோம். கோவென்ட்ரி வட்டாரம் கார் ஆலைகள் நிறைந்த பகுதி. ஆட்களுக்குப் போட்டி இருந்ததால் சம்பளமும் அதிகம். பல ஆலைகளில் பீஸ் ரேட் முறை. எத்தனை உருப்படி முடித்தாயோ அத்தனைக்குக் காசு. ஒவ்வொரு வேலைக்கும் என்ன ரேட் என்பதில் நிர்வாகத்துக்கும் சங்கப் பிரதிநிதிக்கும் இடையே பேரம் ஓயாது. மாடல் மாறினால் ரேட் மாறும், ரேட் மாறினால் தகராறு வரும்.

எஞ்சின் உள்ளே போகாத ஃப்ரேம்

பிரிட்டிஷ் பைக் தொழில் அழிந்ததற்கு "தொழிலாளர்கள் சோம்பேறிகள், சங்கங்கள் கெடுத்துவிட்டன" என்று ஒரு எளிய காரணம் அடிக்கடி சொல்லப்படும். 1971 மாடல் கதையைக் கேட்டால் அது எவ்வளவு அரைகுறை என்று தெரியும்.

அப்போது ட்ரையம்ஃப், பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. குழுமத்தின் கையில் இருந்தது (1951-லேயே வாங்கிவிட்டார்கள்). புதிய மாடல்களை வடிவமைக்க அம்பர்ஸ்லேட் ஹால் என்ற பழைய மாளிகையில் தனி ஆராய்ச்சி மையம் வைத்திருந்தது பி.எஸ்.ஏ. ஆலையில் இருந்தவர்கள் அதற்கு வைத்த கிண்டல் பெயர் 'ஸ்லம்பர்கிளேட்', அதாவது தூங்குமூஞ்சி மாளிகை.

அங்கிருந்து ஒரு புதிய ஃப்ரேம் வந்தது. ஆயிலை அந்தச் சட்டத்தின் முக்கியக் குழாய்க்குள்ளேயே வைக்கும் டிசைன். வரைபடங்கள் தாமதமாக வந்ததால் அசெம்பிளி ஆட்கள் வேலை இல்லாமல் காத்திருந்தார்கள். ஒருவழியாக ஃப்ரேம் வந்து, எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தால்... போகவில்லை! மேலே உள்ள ராக்கர் பாக்ஸைக் கழற்றினால்தான் எஞ்சின் உள்ளே இறங்கும் என்ற நிலை. அதை மாற்றிச் சரி செய்தபிறகுதான் உற்பத்தி நகர்ந்தது. ஷோரூமுக்குப் போனதும் இன்னொரு புகார்: சீட் உயரம் அதிகம், சராசரி உயரம் உள்ளவருக்கே கால் சரியாக ஊன்றவில்லை.

அமெரிக்காவில் பைக் விற்பனை சூடுபிடிப்பது வசந்த காலத்தில். அந்த நேரத்தில் கடையில் வண்டி இல்லை என்றால் அந்த வருடமே போச்சு. இதில் லேத் ஓட்டுபவரின் தப்பு என்ன?

ஜப்பானைப் பற்றித் தெரியாமலும் இல்லை. ட்ரையம்ஃபின் மூளையாக இருந்த எட்வர்டு டர்னர் 1960-லேயே ஜப்பான் போய், ஹோண்டா, சுசுகி, யமஹா ஆலைகளைப் பார்த்து, எச்சரித்து அறிக்கை கொடுத்தார். 1969-ல் ஹோண்டா சிபி750 வந்தது. நான்கு சிலிண்டர், முன்பக்கம் டிஸ்க் பிரேக், பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட். போனவில்லில் அந்த ஸ்டார்ட் பட்டன் வந்தது 1980-ல்! ஜப்பானில் ஒரு தொழிலாளி பல மடங்கு அதிக வண்டி தயாரித்தார் என்பது உண்மை. அவர் முன்னால் இருந்த இயந்திரம் புதியது என்பதும் உண்மை. மெரிடனில் 'கைவேலைப்பாடு' என்று நாம் ரசிப்பதில் ஒரு பகுதி, வாங்காமல் விட்ட இயந்திரங்களின் இடத்தை மனிதக் கை நிரப்பியதுதான்.

1973 செப்டம்பர் 14

பி.எஸ்.ஏ. திவால் விளிம்புக்குப் போனது. அரசு பணம் கொடுத்து, நார்ட்டன் நிறுவனத்தையும் சேர்த்து 'நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ஃப்' என்ற புதிய கம்பெனியை உருவாக்கியது. தலைவர் டென்னிஸ் பூர். அவரிடம் மூன்று ஆலைகள்: மெரிடன், பர்மிங்காமின் ஸ்மால் ஹீத், வுல்வர்ஹாம்ப்டன். மூன்றையும் நடத்த முடியாது என்று முடிவு செய்த பூர், மெரிடனை மூடுவதாக அறிவித்தார். சுமார் 1,750 பேருக்கு வேலை போகும்.

தொழிலாளர்கள் கேட்டை மறித்தார்கள். தயாரான பைக்குகள், பாதி முடிந்தவை, அச்சுகள், கருவிகள் எதையும் வெளியே விடவில்லை. முறை வைத்து 24 மணி நேரமும் காவல். 1974 தொடக்கத்தில் மின்சாரத் தட்டுப்பாட்டால் பிரிட்டன் முழுக்க ஆலைகள் வாரம் மூன்று நாள்தான் ஓடின. அந்தக் குளிரிலும் மெரிடன் கேட்டில் ஆட்கள் நின்றார்கள்.

பிப்ரவரி தேர்தலுக்குப் பின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. தொழில்துறை அமைச்சர் டோனி பென், "தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்தட்டும்" என்ற யோசனையை ஆதரித்தார். பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, 1975 மார்ச்சில் மெரிடன் கூட்டுறவு பிறந்தது. அரசு கொடுத்தது 42 லட்சம் பவுண்டு கடன், 7.5 லட்சம் பவுண்டு மானியம்.

பலர் சொல்லாமல் விடுகிற பக்கம் ஒன்றும் இதில் உண்டு. மற்ற இரண்டு ஆலைகளின் தொழிலாளர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? ட்ரைடென்ட் என்ற மூன்று சிலிண்டர் பைக்குக்கு எஞ்சின் தயாரித்தது ஸ்மால் ஹீத், வண்டியாகக் கோர்த்தது மெரிடன். மெரிடன் கேட் அடைபட்டதும் அந்த வண்டியும் நின்றது. ஸ்மால் ஹீத்தில் புதிதாகக் கருவிகள் தயார் செய்துதான் 1974-ல் மீண்டும் தொடங்க முடிந்தது. "அவங்களுக்குக் கொடுத்தா எங்க வேலை போயிடும்" என்ற பயம் அங்கே இருந்தது, கூட்டுறவுக்கு எதிர்ப்பும் வந்தது. பயம் வீண் போகவில்லை. 1975-லேயே வுல்வர்ஹாம்ப்டன் ஆலை கடன்காரர்கள் சார்பான நிர்வாகியிடம் போனது. ஸ்மால் ஹீத்தும் அதிக காலம் தாங்கவில்லை. அதற்கு மெரிடன்தான் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால், ஒரு ஆலைத் தொழிலாளர்களின் போராட்டத்துக்கு இன்னொரு ஆலைத் தொழிலாளர்களும் விலை கொடுத்தார்கள்.

எல்லோருக்கும் 50 பவுண்டு

கூட்டுறவில் வாரச் சம்பளம் 50 பவுண்டு. பீஸ் ரேட் இல்லை. ஃபோர்மேன் அதிகாரம் இல்லை. 'இது என் வேலை, அது உன் வேலை' என்ற பழைய கோடுகளும் அழிந்தன. இங்கே ஆள் குறைந்தால் அங்கிருந்து வந்து நிற்பார்கள். கூட்டுறவின் தலைவரான டென்னிஸ் ஜான்சனே தொழிலாளர்களில் ஒருவர்தான்.

பழகிய வேலையை விட்டு இன்னொரு வேலையைக் கற்றுக்கொண்டதும், தங்கள் ஆலை என்ற உணர்வும் முதல் வருடங்களில் நன்றாகவே உதவின. அமெரிக்கச் சட்டம் கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்றது. அதுவரை வலது பக்கம் இருந்த கியரை இடது பக்கம் கொண்டுவந்து, பின்பக்க டிஸ்க் பிரேக்கும் வைத்து 1976 மாடலை வெளியிட்டார்கள். 1977-ல் ராணி எலிசபெத்தின் வெள்ளி விழாவுக்கு ஸ்பெஷல் போனவில் விட்டார்கள்: பிரிட்டனுக்கு 1,000, அமெரிக்காவுக்கு 1,000.

ஆனா ஒரே சம்பளத்தில் ஒரு சிக்கல். பெருக்குபவருக்கு 50 பவுண்டு நல்ல தொகை. 20 வருட அனுபவமுள்ள கருவித் தச்சருக்கு, பக்கத்துக் கார் ஆலை அதைவிட அதிகம் தரும். விற்பனை, கணக்கு தெரிந்த மேலாளரை அந்தச் சம்பளத்தில் யார் வருவார்? சில ஆண்டுகளில் வெளியிலிருந்து நிர்வாகிகள் வந்தார்கள், சம்பள வேறுபாடும் திரும்ப வந்தது.

அதைவிடப் பெரிய பிரச்சினை, கையில் இருந்தது ஒரே ஒரு எஞ்சின். 1937-ல் டர்னர் கொண்டுவந்த இரட்டை சிலிண்டரின் வம்சம்தான் அது. புதிதாக ஒன்றை உருவாக்கவும், இயந்திரங்களை மாற்றவும் பணம் வேண்டும். அரசு கொடுத்த கடனோ ஆலையையும் சரக்கையும் வாங்கவே பெரும்பாலும் போய்விட்டது. 1979, 80-ல் பவுண்டின் மதிப்பு ஏறியதும், அமெரிக்காவில் போனவில் விலை எகிறியது. அங்கேயே பொருளாதார மந்தம் வேறு. 1983 ஆகஸ்டில் கூட்டுறவு திவாலானது.

அதற்குப் பிறகு?

வீடு கட்டும் தொழிலில் இருந்த ஜான் ப்ளூர் ட்ரையம்ஃப் பெயரை வாங்கினார். 1988 வரை டெவன் பகுதியில் இன்னொரு சிறு நிறுவனம் உரிமம் வாங்கிப் பழைய போனவில்லைத் தயாரித்தது. ப்ளூர் அவசரப்படவில்லை. அவரது ஆட்கள் ஜப்பானிய ஆலைகளைப் பார்த்துக் கற்றார்கள். ஹிங்க்லி என்ற ஊரில் புதிய இயந்திரங்களோடு கட்டிய ஆலையிலிருந்து 1991-ல் பைக்குகள் விற்பனைக்கு வந்தன. இப்போது ட்ரையம்ஃபின் பெரும்பகுதி உற்பத்தி தாய்லாந்தில்.

மெரிடன் ஆலையை 1984-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் இன்று இருப்பது குடியிருப்பு. அங்குள்ள இரண்டு தெருக்களின் பெயர் போனவில் க்ளோஸ், டேடோனா டிரைவ்.